குற்றவாளிக் கூண்டில் ஒரு நோயாளி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. வீட்டுக்குள்ளேயே தறி. கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். அப்பா தறியில் உட்கார்ந்தால், கரைப்பக்கத்து நாடாவைத் தள்ள மகன் பக்கத்தில் உட்கார வேண்டும். மகனுக்கு வயது இருபது. அவன் கஞ்சாவுக்கு அடிமையாகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் வருகிறான், மூன்று நாள் வருவதில்லை. அவன் வராத நாளில் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி இல்லை.

இது கற்பனை வீடுதான். ஆனால் ‘இப்படி ஒரு வீடு எங்கள் தெருவில் இல்லவே இல்லை’ என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

அந்த அம்மாவுக்கு ஊர் மூன்று வழி சொல்லும். “போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுக்கா, நாலு நாள் உள்ள இருந்தா தானா புத்தி வரும்” என்பது ஒன்று. “ஒரு சென்டர் இருக்கு, போன் பண்ணா வண்டியோட வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்பது இரண்டு. “ரூம்ல போட்டுப் பூட்டு” என்பது மூன்று.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அந்தப் பையனிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. போதைக்கு அடிமையாகிவிட்டான், ஆகவே அவன் மனிதன் என்ற பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டுவிட்டான். இனி அவனை அடிக்கலாம், கட்டலாம், பூட்டலாம். கேட்க நாதியில்லை.

நான்காவது வழி ஒன்று இருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் இல்லை, இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப்பொருள் வழக்குகளுக்கு அடிப்படை 1985-ல் வந்த போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். சுருக்கமாக என்.டி.பி.எஸ். சட்டம். கடத்தியவன், விற்றவன், பதுக்கியவன் மட்டுமல்ல, பயன்படுத்தியவனும் இந்தச் சட்டத்தில் குற்றவாளிதான். பிரிவு 27-ன்படி கஞ்சா புகைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹெராயின், கொக்கெய்ன் போன்றவை என்றால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். ‘கஞ்சா கேஸ்’ என்றாலே ஊருக்குத் தெரியும். தெரியாதது, அதே சட்டத்தின் பிரிவு 64ஏ. பயன்படுத்திய குற்றத்திலோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கிய ஒரு அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது. கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. ஹெராயினில் 5 கிராம் வரை. பிரிவு 39 இன்னொரு வாசலைத் திறக்கிறது. குற்றம் நிரூபணமான பிறகும்கூட, நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம்.

ஆக, கடுமைக்குப் பேர்போன இந்தச் சட்டமே, அடிமையானவனைக் கடத்தல்காரனோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. ‘இவன் நோயாளி, இவனுக்கு வைத்தியம் பார்’ என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று பிள்ளையார்பாளையத்து அம்மாவுக்கு யார் சொல்வது?

சொல்லப்படாத உரிமை

அதே சட்டத்தின் பிரிவு 50-ஐப் பாருங்கள். ஒருவருடைய உடலைச் சோதனை போடும்போது, ‘கெசட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சோதிக்க வேண்டும்’ என்று அவர் கேட்கலாம். இந்த உரிமை பற்றி 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. உரிமை இருக்கிறது என்பதை அந்த நபரிடம் அதிகாரி சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் சோதனை போட்டால் அந்தச் சோதனையில் கிடைத்ததை வைத்துத் தண்டிக்க முடியாது.

எவ்வளவு நியாயமான தீர்ப்பு! தெரியாத உரிமை இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

இதே நியாயம் 64ஏ-வுக்கும் பொருந்தாதா? சோதனை போடும் முன் உரிமையைச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு இளைஞனின் வாழ்க்கை முழுக்கக் கறையாக ஒட்டப்போகும் வழக்கைப் போடும் முன் ‘உனக்கு சிகிச்சை எடுத்துக்கொள்ளும் வழி இருக்கிறது’ என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? 2021 டிசம்பரில் தொடங்கி தமிழ்நாடு போலீஸ் ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் அடுத்தடுத்து நடவடிக்கைகள் எடுத்தது. விற்பவனை வேட்டையாடுவது சரி. ஆனால் வலையை வீசும்போது மீன் எது, தவளை எது என்று பிரிக்க வேண்டாமா? 2022 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். நல்ல காரியம். ஏற்கனவே உள்ளே விழுந்துவிட்டவனுக்கு எப்படி வெளியே வருவது என்று அந்த மேடைகளில் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல காரியமாக இருந்திருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையான உடலுக்கு அது கிடைக்காத சில மணி நேரத்தில் உடம்பு முறுக்கும், வாந்தி, பேதி, தூக்கமே வராது. குடிக்கு அடிமையானவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி உயிரே போகலாம். அப்படிப்பட்ட நிலையில் லாக்கப்பில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், எதில்தான் போட மாட்டார்? நல்ல வேளையாக, தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் எத்தனை பேர் அப்படிப்பட்ட கையெழுத்தின் பலத்தில் உள்ளே போனார்களோ!

கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சிறையில் இருப்பவருக்கு, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சை உட்பட, வெளியே கிடைக்கும் அதே தரத்தில் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. 2015-ல் ஏற்ற மண்டேலா விதிகள் சொல்கின்றன. ‘நாலு நாள் உள்ள இருந்தா புத்தி வரும்’ என்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு, அந்த நாலு நாளில்தான் உயிரும் போகலாம் என்பது தெரியாது.

வண்டியோடு வருகிறவர்கள்

சரி, போலீஸ் வேண்டாம். ‘சென்டர்’?

நல்ல மையங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. சென்னையில் 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை இந்தப் பணியைச் செய்துவருகிறது. அரசும் 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. பிரச்சினை இவை அல்ல. பெயர்ப்பலகையும் நாலு தடியர்களும் ஒரு வண்டியும் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கும் வியாபாரம்தான் பிரச்சினை.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதியை மறந்திருக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். நாடே பதறியது. அதன்பிறகு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, எந்த வடிவத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. அதே சட்டம் மனநோய் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்த்திருக்கிறது. அதாவது சிகிச்சை பெறும் உரிமை, கொடுமைப்படுத்தப்படாமல் இருக்கும் உரிமை, இலவச சட்ட உதவி பெறும் உரிமை எல்லாம் போதை அடிமைக்கும் உண்டு. ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் அதற்கும் விதி இருக்கிறது. மனநல மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனியாகப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் சாதாரணமாக வைத்திருக்கக்கூடாது. நடுராத்திரியில் வண்டியோடு வந்து கை கால் கட்டித் தூக்கிப் போவதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அதற்கு வேறு பெயர், ஆள் கடத்தல்.

ஆனால் நடப்பது என்ன? 2022-ல் சென்னை இராயப்பேட்டையில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் இருந்தவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கு, நடத்தியவர்கள் கைதானார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். மனநோயாளிகள், ஆதரவற்றோரோடு குடிக்கு அடிமையானவர்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். சித்திரவதை, பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக வெளிவந்து, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. ஏர்வாடிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே 22 வருடம் ஓடிவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவன் ஒரு பொட்டலம் கஞ்சாவைப் புகைத்தால் 6 மாதம் வரை சிறை. இன்னொருவன் பதிவே இல்லாமல் மனநல மையம் நடத்தி, ஐம்பது பேரை உள்ளே பூட்டிப் பணம் வாங்கினால், பதிவு செய்யாததற்காக 2017 சட்டம் விதிக்கும் தண்டம் முதல் முறை 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை. அவ்வளவுதான். வரவு செலவு தெரிந்த எந்த வியாபாரியும் இந்த அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுக் கடையைத் திறந்து வைப்பான். தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டவனுக்குச் சிறை, அடுத்தவன் உடம்பைப் பூட்டிவைத்துச் சம்பாதிப்பவனுக்கு அபராதம்! இதற்குப் பெயர் நியாயமா?

அரசு விற்றால் சரக்கு, அவன் புகைத்தால் குற்றம்

காஞ்சிபுரம் பேரறிஞர் அண்ணா பிறந்த ஊர். அவர் முதல்வராக இருந்தவரை மதுவிலக்கு இருந்தது. 1971-ல் அது தளர்ந்தது. 2003-லிருந்து மதுவைச் சில்லறையில் விற்கும் உரிமை முழுவதும் டாஸ்மாக்கிடம், அதாவது அரசிடமே வந்தது. 2023-24-ல் மட்டும் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

மதுவுக்கு அடிமையானவரும் கஞ்சாவுக்கு அடிமையானவரும் 2017 சட்டத்தின் கண்ணில் ஒரே வகை நோயாளிகள். ஆனால் முன்னவர் அரசின் வாடிக்கையாளர். பின்னவர் அரசின் கைதி. கஞ்சாச் செடியின் பூக்கும் நுனி குற்றம். நுனியில்லாத வெறும் இலை குற்றமில்லை. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் அரசு லைசென்ஸோடு பாங்கு கடை நடக்கிறது. எது உடம்பை எவ்வளவு கெடுக்கிறது என்று பார்த்து எழுதிய சட்டமாக இது தெரியவில்லையே!

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த தேசிய ஆய்வு ஒரு உண்மையைச் சொன்னது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180-ல் ஒருவர். மீதிப் பேர்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது, குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் என்று அரசு அறிவித்தது. கொடுக்கட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் குடியில் விழுந்தவனுக்குச் செத்தபிறகு கிடைக்கும் பத்து லட்சத்தைவிட, உயிரோடு இருக்கும்போது கிடைக்கும் ஒரு படுக்கை பெரிது இல்லையா?

“அப்போ தட்டிக் கொடுக்கச் சொல்றீங்களா?”

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வரட்டும்.

விற்பவனை விடச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்பவனுக்குச் சட்டம் தரும் தண்டனை முழுதாகக் கிடைக்கட்டும். போதையில் மனைவியை அடிப்பவனுக்குப் போதை ஒரு சாக்கு ஆகாது. அதற்கு 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அடித்தது குற்றம், திருடியது குற்றம். அடிமையாக இருப்பது குற்றமல்ல. இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லேயே ராபின்சன் வழக்கில் சொல்லிவிட்டது. போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை, நோயைத் தண்டிக்கும் சட்டம் என்று ரத்து செய்தது.

‘பயம் இருந்தாத்தான் திருந்துவான்’ என்பார்கள். பயம் என்ன செய்யும் தெரியுமா? நோயாளியை ஆஸ்பத்திரிப் பக்கமே வரவிடாமல் செய்யும். டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்று மறைப்பான். அண்ணா பெயரிலேயே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு மருந்து மார்பின். 1985 சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் அடுத்து வந்த வருடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எந்தப் பாவமும் செய்யாத நோயாளிகள் வலியில் துடித்தார்கள். அதைச் சரிசெய்யவே 2014-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பயத்தை மட்டும் நம்பிய சட்டத்தின் விளைவு இது.

போர்ச்சுகல் 2001-ல் வேறு வழியில் போனது. சொந்த உபயோகத்துக்கு, பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்புவதில்லை. மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவுக்கு அனுப்புகிறார்கள். விற்பது அங்கேயும் குற்றம்தான். நாடு மூழ்கிவிடும் என்றார்கள். மூழ்கவில்லை. ஊசி மூலம் பரவிய எச்.ஐ.வி. வெகுவாகக் குறைந்தது. இந்தியாவிலும் 2021-ல் சமூக நீதி அமைச்சகமே, சிறிய அளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளியாக்காமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை போன இடம் எது தெரியுமா? நிதி அமைச்சகத்தின் வருவாய்த்துறை! என்.டி.பி.எஸ். சட்டம் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. நோயாளியின் தலைவிதியை வரி வசூலிக்கும் துறையின் மேசையில் வைத்திருப்பதே, இந்தச் சட்டம் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அத்தாட்சி.

64ஏ-விலும் ஓட்டை உண்டு. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் பாதுகாப்பைப் பறிக்கலாம். திரும்பத் திரும்ப விழுவது இந்த நோயின் இயல்பு. சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டால் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு ஜெயிலில் போடுகிறோமா?

செய்ய வேண்டியது

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தை நடத்தினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் 64ஏ என்ன சொல்கிறது என்று தமிழில் பலகை வைக்க வேண்டும். கைது செய்யும்போது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதற்குப் பதிவு இருக்க வேண்டும். பதிவு பெற்ற மறுவாழ்வு மையங்களின் பட்டியலை ஒவ்வொரு மாவட்டமும் வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாததை மூட வேண்டும். டாஸ்மாக் கடை எத்தனை தெருவில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் அரசு, சிகிச்சைப் படுக்கை எத்தனை இருக்கிறது என்றும் கணக்குக் காட்ட வேண்டும்.

படிக்கிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு காவலில் இருப்பவர்களுக்கு இலவசமாக வக்கீல் தரும். அவர்களுடைய 2015 திட்டத்தின் பெயரிலேயே ‘போதையால் பாதிக்கப்பட்டோர்’ என்றுதான் இருக்கிறது, குற்றவாளிகள் என்று இல்லை. தெரிந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ‘உள்ள தூக்கிப் போடுங்க’ என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் திரும்புங்கள். மகன் ஜெயிலுக்குப் போனாலும் தறி நிற்கும். சங்கிலியில் கிடந்தாலும் நிற்கும். அறுந்த இழையைப் பார்த்த எந்த நெசவாளியும் தறியைக் கொளுத்துவதில்லை. குனிந்து, இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார். அந்த ஊரில் பட்டு இழைக்குக் கிடைக்கும் பொறுமை, அந்த ஊர்ப் பிள்ளைக்கும் சட்டத்திடமிருந்து கிடைக்க வேண்டும். அது சலுகை அல்ல, அவனுடைய உரிமை.